பாலத்தடி நாலாம் வீட்டுச் சுவர்

அந்தக் கிராமத்தின் பெயர் இன்றைக்கும் என் வாயில் நுழையாது. ஒபிசில் நாங்கள் அதைப் பாலத்தடி என்றுதான் சொல்லுவோம். இங்கிலாந்தில் எங்கோ ஒரு மூலை. ஒரு கல் பாலம், ஒரு தேவாலயம், ஒரு பழைய மாவு ஆலை, வயோதிபர்கள் வாடகையில்லாமல் இருக்க நானூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு புண்ணியவான் கட்டிவிட்ட ஆறு கல் வீடுகள். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தபடி மூன்று வருடமாக அவ்வளவையும் நான் வரைந்தேன். அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை.

நீங்கள் விசாரிக்க வந்தவர், ஆகவே வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒருவர் வீட்டுக்குள் மெஷினை வைத்து லேசரால் அளந்து அனுப்புவார். சுவரோடு சேர்த்துக் கதிரை, சப்பாத்து, கட்டில் எல்லாம் புள்ளி புள்ளியாக வரும். வேண்டாத சாமான்களை அழித்துவிட்டுச் சுவரை மட்டும் வரைவது என் வேலை. எங்கள் ஒபிசில் வேலை செய்யும் மேனகா அதைச் சரிபார்த்துத் தன் பெயரைப் போடுவாள். பிள்ளை கெட்டிக்காரி.

நாலாம் வீட்டில் அவள்தான் முதலில் கண்டாள்.

"புஷ்பராஜ் அண்ணை, இந்தச் சுவர் உள்பக்கமாச் சரிஞ்சு நிக்குது. நாலு அங்குலம் வருது. ரிப்போர்ட்டில போடுவமா?"

"மெஷின் பிழையா இருக்கும் பிள்ளை. நான் திரும்பப் பாக்கிறன். நீர் சைன் பண்ணும்."

"நீங்க சொன்னாச் சரி அண்ணை."

பதினொரு வருடம் என்னோடு வேலை செய்தவள். நம்பினாள். நான் சுவரை நேராக்கினேன். மாரிக்குள் அது விழுந்தது. எண்பத்திரண்டு வயதான ஒரு பெண் இறந்துபோனார். பழி மேனகாவின் தலையில் விழுந்து, அவளை வேலையால் நிற்பாட்டினார்கள். அவளைத் திரும்ப எடுக்கவேண்டும். நான் வாய் திறப்பது அதற்காகத்தான்.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். எங்கள் வீடும் பழைய வீடுதான், டச்சுக்காரர் காலத்துச் சுவர். ஒரு மழைக்குப் பிறகு அதில் வெடிப்பைக் கண்டு, நானே படம் கீறி மாநகரசபைக்குக் கடிதம் எழுதினேன். திருத்தித் தருவார்கள் என்று நினைத்தேன். ஆட்கள் வந்து சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள். ஒரு மாதத்தில் வீடு தரைமட்டம். முகத்துவாரம் பகுதியில் பன்னிரண்டாம் மாடியில் ஒரு ஃபிளாட் தந்தார்கள். என் மனைவி ஜீவராணிக்கு முட்டு வருத்தம், ஆஸ்துமா. ஒருநாள் மூச்சு இழுத்தபோது லிப்ட் வேலை செய்யவில்லை. கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ஏழாம் மாடியில் என் கையைப் பிடித்திருந்த பிடி விட்டுப்போயிற்று, அவளும் போய்விட்டாள். அந்தக் கடிதத்தை நான் எழுதாமல் விட்டிருக்கலாம்.

ஆகவே அந்த மனிசியை வீட்டை விட்டு எழுப்பக்கூடாது என்றுதான் செய்தேன். வயதான காலத்தில் ஒருவரையும் இருந்த இடத்தால் கிளப்பக்கூடாது. இதை நான் மேனகாவின் அம்மாவிடமும் சொன்னேன். அவ கதவைச் சாத்திவிட்டா.

அங்கே வீட்டை இடிக்கமாட்டார்கள், மரம் கொடுத்துத் தாங்கிவைத்துத் திருத்துவார்கள், ஆட்களை இரண்டு மாதத்தில் திரும்பக் கூட்டிவருவார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். தெரியும். போன வருடம் மாவு ஆலைச் சுவருக்குக் கொடுத்த முட்டு மரங்களை வரைந்தவன் நானேதான். பதினாறு மரம். ஒவ்வொன்றாக வரைந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வெறும் ஆலைக்குப் பதினாறு மரம். எங்கள் வீட்டுக்கு ஒருவரும் ஒரு தடிகூடக் கொண்டுவரவில்லை.

இன்னுமொன்று. அதை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நாலாம் வீட்டுப் புள்ளிகளில் அந்தச் சுவரோடு ஒட்டி ஒரு கட்டில் இருந்தது. கட்டிலடியில் ஒரு சோடிச் செருப்பு. மேலே போர்வை, போர்வைக்குள் ஆள். மெஷினைக் கொண்டுவந்தபோது அவர் பகல் தூக்கத்தில் இருந்திருக்கவேண்டும்.

முதலில் செருப்பை அழித்தேன். பிறகு கட்டிலை, பிறகு அவரை. அதற்குப் பிறகு அது வெறும் அறைதான். சுவரை நேராக்க எனக்கு ஐந்து நிமிடமும் எடுக்கவில்லை.