தல்லிபாலு

எனக்குக் கடைத்தெரு பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஐயா. பிடிக்கும். எதுவும் வாங்காமல் திரும்பி வரவும் தெரியும், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் திருவேங்கடத்துக்கு அது வராது.

ஆடி பிறந்தால் போதும், புத்தூர் ஜவுளிக்கடைக்காரன் தள்ளுபடி, தள்ளுபடி என்று தமுக்கு அடித்துக்கொண்டு எங்கள் சத்தியவேட்டுப் பக்கம்வரை வண்டி விடுவான். அந்தச் சத்தம் கேட்டால் இவருக்கு இருப்புக்கொள்ளாது. போன ஆடியில் விதைக்கு வைத்திருந்த கடலையை விற்று, ஒரு சுவர்க்கடிகாரமும் எனக்குச் சேலையும் வாங்கி வந்தார். நிலம் தரிசாகக் கிடந்தது. கடிகாரம் மட்டும் தவறாமல் மணி அடித்தது.

நானும் சொல்லிப் பார்த்தேன். அழுதேன், பட்டினி கிடந்தேன், அவர் சட்டையைக்கூட ஒளித்து வைத்தேன். இந்த ஆடியில் உழவு மாட்டுக்கே வந்துவிட்டார்.

"ஒத்த மாட்ட குடுத்துட்டா இன்னா, தாட்சாயணி? பாதி வெலைக்குத் தரான். கண்ணால பாத்துட்டு எப்படி உட்டுட்டு வர்றது?"

கண்ணால் பார்த்துவிட்டு என்றார். அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது.

அந்த வாரமே அவருக்குக் கண்நோவு வந்தது. புதிதாக மாற்றலாகி வந்த தெலுங்கு வாத்தியாரின் மனைவி கிருஷ்ணம்மா, போகிற போக்கில் எட்டிப் பார்த்தாள்.

"தல்லிபாலு வெய்யம்மா, தக்கிப்போத்துந்தி."

தாய்ப்பால் விடு, சரியாகிவிடும் என்று அர்த்தம். நான் வேலியோரம் போய்க் கள்ளிப்பால் எடுத்து வந்து, இரண்டு கண்ணிலும் விட்டேன். அவர் துடித்தார். தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"எரிஞ்சாத்தான் நோவு போவும், பொறுத்துக்கினு படு" என்றேன். எனக்கும் அழுகை வந்தது. நானும் மனுஷிதானே.

ஊர் என்மேல்தான் பரிதாபப்பட்டது. எல்லை பிரித்து எங்களை ஆந்திராவில் சேர்த்துச் சில மாசம்தான் ஆகிறது. பாவம், அந்தம்மா தல்லி என்றது இவள் காதில் கள்ளி என்று விழுந்திருக்கிறது என்றார்கள். அவரும் அதையே சொல்லி என் கையைத் தடவிக் கொடுத்தார்.

"காதுல அப்படி உழுந்துச்சு. நீ இன்னா பண்ணுவ?"

என் தாய்வீடு வடமாலபேட்டை. தெலுங்கு பேசித்தான் வளர்ந்தேன். அது அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் கேட்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த நீங்கள்தான், உனக்குத் தெலுங்கு தெரியாதா என்று கேட்டீர்கள்.

இப்போது வீட்டில் வீண்செலவு என்பதே இல்லை. உழ ஆள் இல்லாமல் மாடுகள் சும்மா நின்றன, இரண்டையும் விற்றுவிட்டேன். போன வாரம் அவரைக் கைபிடித்துப் புத்தூர் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். எதையும் கேட்கவில்லை, சாதுவாகக் கூடவே வந்தார். நான் கட்டியிருக்கும் இந்தச் சேலை அங்கே எடுத்ததுதான். அவர் தடவிப் பார்த்து, "இன்னா கலரு?" என்று மட்டும் கேட்டார்.

பாதி விலைக்குக் கொடுத்தான், ஐயா. கண்ணால் பார்த்துவிட்டு எப்படி விட்டுவிட்டு வருவது?