மூன்றாவது விலாசம்

கடைக்குப் போய் வரிசையில் நிற்பதென்றால் எனக்கு வேப்பங்காயாகக் கசக்கும். பால், மளிகை, மருந்து எல்லாம் செல்போனில்தான். என் கணக்கிலேயே தங்கையும் வாங்குவாள். "எனக்குத் தனியா ஒண்ணு எதுக்குண்ணா, உன்னோடதே போதும்" என்பாள். சோம்பேறி.

ஒரு நாள் கையில் கட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளை கதவிடுக்கில் வைத்து நசுக்கியிருந்தார். குழந்தையோடு வேறெங்கோ போவதாகச் சொன்னாள். எங்கே என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. "அவர் கேட்டா நீ பொய் சொல்ற மாதிரி ஆயிடக்கூடாது பாரு" என்றாள். அவளுக்கு நல்ல மனசு.

மாப்பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டார். ஒரு நாளைக்கு முப்பது போன். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். மயிரிழை பிசகினாலும் விளிம்பு தெறித்துவிடும். மூன்று வாரத்தில் ஏழு லென்ஸ் போயிற்று. அவர் நம்பரை முடக்கியிருக்கலாமே என்பீர்கள். வீட்டு மாப்பிள்ளையை அப்படி அவமதிக்க முடியுமா?

அப்போதுதான் செயலியில் 'வீடு', 'கடை' இரண்டுக்கும் கீழே மூன்றாவதாக ஒரு விலாசத்தைப் பார்த்தேன். குழந்தைக்கு இருமல் மருந்து வாங்கியிருந்தாள். மாடி எண்கூட இருந்தது. மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

"நான் போனா கதவைத் திறக்க மாட்டாளே மச்சான்" என்றார். நியாயமான பேச்சு.

மறுநாள் காலை அந்த விலாசத்துக்கு அரை லிட்டர் பால் போட்டேன். ஒரே கணக்குதானே, அவள் செல்போனிலும் ஆர்டர் காட்டியிருக்கும். உடனே புது நம்பரிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணா, அட்ரஸ் உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆப்புலதான் இருக்கேம்மா."

சிரித்துவிட்டாள். அவள் சிரித்துக் கேட்டு வெகுநாளாயிற்று. "நீதானே பாத்தே, பரவால்ல."

"பாப்பாவுக்குப் பால் அனுப்பியிருக்கேன். பத்து நிமிஷத்துல வரும். பெல் அடிச்சா திற."

மாப்பிள்ளை ஏழாவது நிமிடம் பெல் அடித்தார். பால் கொண்டுபோனவர்தான் திறந்த கதவைப் பார்த்து உங்கள் ஸ்டேஷனுக்குச் சொன்னார். குழந்தை கட்டிலுக்கு அடியில் இருந்ததாம்.

என்ன நடக்கும் என்று தெரியுமா என்கிறீர்கள். அந்தக் கையைப் பார்த்தவன் நான், தெரியாமல் இருக்குமா? ஆனால் அன்று பகல் முழுக்கப் போனே வரவில்லை. ஒன்பது ஜோடி வெட்டினேன், ஒன்றுகூடப் பிசகவில்லை.

செல்போனில் அந்த விலாசம் இருக்காது; நான்தான் அழித்தேன். தடயத்தை மறைக்க என்று தப்பாக நினைக்காதீர்கள். தனியாக இருக்கிற பெண்ணின் விலாசம். கண்டவர் கண்ணில் படலாமா?