எழுபத்திரெண்டாம் நம்பர் வண்டி

ஒரகடம் கூட்ரோட்டில் இன்று காலை எல்லோருக்கும் திடீரென்று தலை ஞாபகம் வந்துவிட்டது. ஹெல்மெட் விற்பவரைச் சுற்றி அவ்வளவு கூட்டம். எனக்கு முன்னால் ஒரே கம்பெனிச் சட்டையில் இரண்டு பேர். வடக்குப்பட்டுக்காரர் புது ஹெல்மெட்டுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிக்காரர் தன் பழைய ஹெல்மெட்டுக்குக் கண்ணாடி மாற்ற வந்திருந்தார்.

"எனக்கு ஃபைன் போட்டாலும், புதுசா வந்துகீற அந்த எஸ்.ஐ. அம்மா தங்கம்பா," என்றார் வடக்குப்பட்டுக்காரர்.

"உங்களையாண்ணே புடிச்சாங்க? நீங்க உள்ளூராச்சே."

"அத்தான் நானும் சொன்னேன். எட்டு வருஷமா இந்த ரோட்ல வர்றேன், ஒருத்தரும் கை காட்னதில்ல. ஊர்த் தலைவருக்கு போன் போட்டு அந்தம்மாகிட்ட நீட்னேன். வாங்கவே இல்ல. 'அவரும் இந்த வழியாத்தான வருவாரு, அப்பப் பேசிக்கறேன்'னு சொல்லிச்சு. சிரிச்சிகினே கட்டிட்டு வந்தேன்."

"என் வண்டி திருநெல்வேலி நம்பர்ணே, எழுபத்திரெண்டு. வெளியூர்னு பாத்தாலே நிப்பாட்டுவாங்க. ஹெல்மெட், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் இருந்தாலும் நிப்பாட்டுவாங்க. ஷிஃப்டுக்கு லேட்டாயிரும்."

"இன்னிக்கி?"

"யாரும் நிப்பாட்டல. பழக்கத்துல நானே ஓரங்கட்டி, ஆர்.சி.ய எடுத்து நீட்டிட்டேன். அந்தம்மா தலையப் பாத்தாங்க, வண்டியப் பாத்தாங்க. 'நீங்க ஏன் நின்னீங்க?'ன்னு கேட்டாங்க."