வெடிக்கு முன் சொல்லும் ஊர்

ஓடுகிறோம். செவ்வாய்க்கிழமை. காலை ஆறு இருபது. கிபிர் ஒரு சுற்று முடித்துவிட்டுத் திரும்பி வருகிறது. கிபிர் என்றால் குண்டு போடும் விமானம். எங்கள் கடற்கரையில் நடை பழகும் குழந்தைக்கும் அந்தப் பெயர் தெரியும்.

"பங்கருக்குள்ள இறங்கு! இறங்கு!" என் கணவர் யோகன் கத்துகிறார்.

மகள் தர்சினியின் கை என் கையில். எட்டு வயது. மகன் ரூபன் பின்னால் வருகிறான். பதினான்கு வயது. பின்னால்தான் வந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பதுங்குகுழிக்குள் இறங்கினோம். முதல் அடி. காது அடைத்தது. இரண்டாவது அடி. கூரையில் அடுக்கிய பனங்குற்றிகள் அசைந்தன. பிறகு மணல் சொரியும் சத்தம் மட்டும்.

ரூபன் உள்ளே இல்லை.

ஏழு மணிக்கு வெளியே வந்தோம். கிணற்றடியில் கிடந்தான். முகத்தில் ஒரு கீறல் இல்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

அது 2006. அந்த வருடமே வள்ளத்தில் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தோம். அகதி முகாமில் சில மாதங்கள். சென்னை சிட்லபாக்கத்தில் இருந்த யோகனின் மச்சான் பொறுப்பேற்று எங்களை வெளியே எடுத்தார். வாடகைக்கு வீடு தேடினோம். சிலோன் என்று சொன்னதும் ஆறு வீட்டில் முகம் மாறியது. ஏழாவது வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில். சொந்தக்காரர் காதர் பாய், ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். ஒன்றும் கேட்கவில்லை. மாடிச் சாவியைக் கொடுத்தார். யோகனுக்குக் கீழ்க்கட்டளையில் மோட்டார் ரிப்பேர்க் கடையில் வேலை கிடைத்தது. ஊரில் வள்ளத்து எஞ்சின் பார்த்த கை.

ஒன்றை மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் விமானப்படைத் தளம். பறக்கப் பழகுகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடுவார்கள். இன்னொரு பக்கம் மீனம்பாக்கத்தில் இறங்கும் பெரிய விமானங்கள்.

முதல் நாள். எட்டு ஐந்து. தலைக்கு மேல் ஒரு ஹெலிகாப்டர். தர்சினியின் தட்டு தரையில். அவள் கட்டிலுக்கு அடியில். இழுத்தால் வரவில்லை. நகங்கள் சிமெண்டைப் பிறாண்டின. அடுத்த நாளும் அதேதான். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடியில் போனாள். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பழகிடும்மா என்றார். பக்கத்து வீட்டு அக்காவும் அதையே சொன்னார். டாக்டரும் சொன்னார். பழகிடும். அந்தச் சொல்லை இன்றும் வெறுக்கிறேன். எதற்குப் பழக வேண்டும்? அண்ணனைக் கொன்ற சத்தத்துக்கு ஒரு குழந்தை ஏன் பழக வேண்டும்?

மூன்றாவது மாதம். ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி. இரண்டு விமானங்கள் தாழ்வாகப் போயின. நான் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தால் தர்சினி இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. குளியலறையில் இல்லை. தெருவில் ஓடினேன். ரோடு முனை வரைக்கும் ஓடினேன்.

காதர் பாய் மோட்டார் போடுவதற்காகத் தண்ணீர் அளவு பார்க்க சம்ப்பைத் திறந்திருக்கிறார். வாசலுக்குக் கீழே பூமிக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டி. மேலே இரும்பு மூடி.

"பொண்ணு சம்ப்புக்குள்ள கீது! ஓடியாங்க!"

அந்த வயதில் அவரே உள்ளே இறங்கினார். அவள் கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். தலைக்கு மேல் தூக்கிய கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு போத்தல் குடிதண்ணீர். பங்கருக்குப் போகும்போது எடுத்துப் போக வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்தவை. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

பாய் நனைந்த வேட்டியோடு படியில் உட்கார்ந்து அழுதார். பிறகு சொன்னார்: "இந்த ஊரு வாணாம்மா. பிளேன் போகாத எடமாப் பாருங்க. மலப் பக்கம் போங்க. வாடக வருதேன்னு ஒங்கள இங்க வச்சிக்க என்னால முடியாது."

எங்களுக்கு மலை தெரியாது. கடற்கரை மனிதர்கள். ஆனாலும் தேடினோம். அகதிகள் ஊரை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு முறையும் போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தோம். மூன்று ஊர் பார்த்தோம். தர்சினியையும் கூட்டிப் போனோம். வீடு எப்படி, தண்ணீர் எப்படி என்று மற்றவர்கள் பார்ப்பார்கள். நாங்கள் ஒரு முழு நாள் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டோம்.

ஏற்காடு. காலையில் குருவிச் சத்தம். தர்சினி சாப்பிட்டாள். பதினொன்று பத்துக்கு எங்கோ ரோட்டுக்காகப் பாறைக்கு வெடி வைத்தார்கள். மலை முழுக்க அதிர்ந்தது. அவளைத் தேட அரை மணி நேரம். காப்பித் தோட்டத்துக்குள் ஒரு குழியில் குப்புறப் படுத்திருந்தாள். மத்தியான பஸ்ஸிலேயே மலை இறங்கிவிட்டோம்.

கோத்தகிரி. அங்கே ஒன்றுமே கேட்கவில்லை. காற்று மட்டும். என் மகள் தகர வீட்டு வாசலில் மூன்று மணி நேரம் தூங்கினாள். பகலில் அவள் தூங்கிப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இதுதான் என்று யோகன் சொன்னார். அட்வான்ஸ் கொடுக்கிற நேரம் வீட்டுக்காரர் எங்கள் அகதி அடையாள அட்டையைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் சொந்தக்காரர் வருவதாகச் சொல்லிவிட்டார். தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். இன்னும் இரண்டு வீடு. அங்கேயும் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

கூடலூர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பல வருடங்களுக்கு முன்னால் அனுப்பப்பட்டவர்கள் அங்கே நிறையப் பேர். அவர்களில் ஒருவர் பாப்பாத்தி அக்கா. கொழுந்து பறிக்கிறவர். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் ஒரு அறை காட்டினார். அட்டையை வாங்கிப் பார்த்தார். தன் தாயிடமும் இப்படி ஒன்று இருந்தது என்றார். அதோடு சரி. ஆனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொன்னார். யானை வரும். விரட்ட வெடி போடுவார்கள். வாரத்தில் இரண்டு மூன்று தரம்.

எனக்குக் கோபம் வந்தது. உலகத்தில் வெடி இல்லாத ஒரு ஊர் இல்லையா? மகளின் பயத்தை அக்காவிடம் சொல்லிவிட்டு, கிளம்பலாம் என்றேன். கடைசி பஸ் போயிருந்தது.

மாலை ஆறரை. வெளிச்சம் இருந்தது. கீழ்த் தோட்டத்தில் யானை இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. பாப்பாத்தி அக்கா வெடி போடுகிறவர்களைக் கை காட்டி நிறுத்தினார். எங்கள் வாசலுக்கு ஓடி வந்தார்.

"வெடி போடப் போறோம்! பாப்பா, காதப் பொத்திக்க! மூணே மூணுதான்!"

தர்சினி காதைப் பொத்தினாள். ஒன்று. உடம்பு துள்ளியது. இரண்டு. என் மடியில் முகம் புதைத்தாள். மூன்று. ஓடவில்லை. என் மகள் ஓடவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "முதலே சொல்லிப்போட்டு வெடிச்சா நான் பயப்பிட மாட்டன், அம்மா."

ராஜகீழ்ப்பாக்கத்துக்குத் திரும்பி வந்து இரண்டு நாள் பேசினோம். கோத்தகிரிதான் அமைதி, இன்னொரு வீடு தேடலாம் என்றார் யோகன். அமைதி எனக்கு வேண்டாம் என்றேன். எங்கள் ஊரும் ஆறு பத்தொன்பது வரைக்கும் அமைதியாகத்தான் இருந்தது. கூடலூர் என்று முடிவு செய்தோம்.

மாறிப் போக அனுமதி வேண்டும். ஒரு ஆபீசிலிருந்து இன்னொரு ஆபீஸ். பத்து மாதம் நடந்தோம். ஒரு அதிகாரி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

"சிலோன்காரங்களுக்கு மலையில இன்னா வேலை? துப்பாக்கி ட்ரெயினிங் எடுக்கப் போறீங்களா?"

பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யோகன் என் கையைப் பிடித்தார். உதறினேன். என் மகள் தண்ணீர்த் தொட்டிக்குள் நின்றதைச் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. ஆனால் அன்றைக்கும் கையெழுத்து விழவில்லை. அதன் பிறகு காதர் பாய் கடையைப் பூட்டிவிட்டு நான்கு தரம் எங்களோடு வந்தார். எங்களுக்குப் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தார். கடைசியில் அனுமதி வந்தது. அந்தப் பத்து மாதத்தில் தர்சினி இரண்டு முறை சம்ப் மூடியைத் திறக்கப் பார்த்தாள். பாய் பூட்டுப் போட்டிருந்தார்.

நாளைக் காலை தாம்பரத்தில் பஸ் ஏறுகிறோம். கொண்டு போவது நான்கு பை. படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. இடம் பெயர்வோர் எண்ணிக்கை. மூன்று என்று நிரப்பினோம். நாங்கள் இழந்துவிட்டு வந்தவர்களுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. இங்கே எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் மறக்கக் கூடாது.

மகன் ரூபன். பதினான்கு வயது. என் அம்மா. ஷெல் பட்டு மூன்றாம் நாள். யோகனின் தம்பி சிவா. கடலுக்குப் போனவர், வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. எங்கள் தெருவில் பதினொரு வீடு. நாங்கள் கிளம்பிய அன்று கூரை இருந்தது இரண்டுக்கு. எங்கள் வள்ளம் ஒன்று. எஞ்சின் ஒன்று. தென்னை பதினாறு. ரூபனின் படம் ஒன்றுகூட இல்லை.

ஊரிலேயே நின்றுவிட்ட என் தங்கை வசந்தி, அவள் கணவன், மூன்று பிள்ளைகள். ஐந்து பேர். கடிதம் நின்று ஏழு மாதம் ஆகிறது. இந்த ஐந்தை இழந்த கணக்கில் சேர்ப்பதா, விடுவதா? யாரிடம் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள். ஐந்து பேர் இருக்கிறார்களா இல்லையா என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரு ஆள் இல்லை.