மினிட்ஸில் என் எதிர்ப்பு

எதிலும் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் வாசிக்கிற ஆள் நான், ஐயா. வீட்டில் இதற்கே கேலி செய்வார்கள். "மருந்துச் சீட்டைக் கொடுத்தாலும் அண்ணன் எழுத்துப்பிழைதான் தேடுவாரு" என்பான் தம்பி.

எங்கள் ஆலையின் இயக்குநர் குழுவில் நான் தலைவர். உற்பத்திக்குப் பொறுப்பான இயக்குநர் அவன். போன வருடம் அவனேதான் ஓடி வந்தான்.

"பாய்லர் வால்வு அடைச்சுக்குதுண்ணா. பத்து நாள் நிறுத்தி மாத்திடலாம்."

"இந்த ஆர்டர் போகட்டும்டா. ஓட்டலாம்னு தீர்மானத்தை நீயே கொண்டு வா. நீ சொன்னா யாரும் வாய் திறக்கமாட்டாங்க."

"ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"நான் இருக்கேன்ல?"

"சரிண்ணா" என்று போய்விட்டான். சின்ன வயதிலிருந்தே என்மேல் அப்படியொரு நம்பிக்கை. மற்ற மூன்று இயக்குநர்களிடமும் நானே போனில் பேசி முடித்தேன்.

கூட்டத்தில் நால்வரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. "பாதுகாப்பு கருதி நான் எதிர்க்கிறேன். மினிட்ஸ்ல எழுதிடுங்க" என்று செயலாளரிடம் சொன்னேன். எதிர்த்ததாகக் கூட்டக் குறிப்பில் எழுத்தில் இருந்தால் சட்டம் லேசில் நெருங்காது. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அண்ணன் ஏதோ காரணமாகத்தான் செய்வார் என்று நினைத்திருப்பான், லேசாகச் சிரித்தான்.

மூன்றாவது வாரம் பாய்லர் வெடித்தது. ஒன்பது பேர். செய்திக்குப் போன இறந்தவர் பெயர்ப் பட்டியலில் இரண்டு பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.

தம்பியைக் கைது செய்தார்கள். குடும்பத்தில் ஒருவராவது வெளியே இருக்க வேண்டாமா? அவன் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவன் மனைவி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். துணைக்குப் போன என் மனைவியும் திரும்பவில்லை. எட்டுப் பேர் உட்காரும் மேசையில் ஒற்றைத் தட்டு வைத்துச் சாப்பிடுகிறேன். டிவியை ஓடவிடுகிறேன், யாராவது பேசட்டும் என்று. தாங்க முடியவில்லை, ஐயா.

நேற்று நீங்களும் அந்த மினிட்ஸை வாசித்துவிட்டு, "நீங்க வீட்டுக்குப் போகலாம் சார்" என்றீர்கள். அந்த வீட்டுக்குப் போக முடியாமல்தான் திரும்ப ஸ்டேஷனுக்கே வந்திருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆபத்து என்று தெரிந்தே ஓட்டவைத்தது நான். மாட்டினால் தம்பி மாட்டட்டும் என்று அவனை முன்னால் நிறுத்தியதும் நான்தான்.

வாராவாரம் சிறைக்குப் போய் மனுக் கொடுத்துக் காத்திருக்கிறேன். தம்பி என்னைப் பார்க்க மறுக்கிறான். என் முகத்தில் விழிக்க வெட்கப்படுகிறான், பாவம். அண்ணன் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று நீங்களாவது அவனிடம் சொல்லுங்கள்.