யார் முகத்தைப் பார்த்தார்கள்

தேநீரைக் குடியுங்கள், ஐயா. இது தொட்டித் தண்ணீர், பல் கறை பிடிக்காது. இந்தப் பாஸ்பேட் சுரங்க ஊரில் பழைய கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த எவருக்கும் வெள்ளைப் பல் கிடையாது. எனக்கும்தான்.

ஆட்சியிலிருந்த கட்சி விழுந்துவிட்டது, இனிப் பயமில்லை, என் தம்பிக்கு என்ன ஆனதென்று சொல் என்கிறீர்கள். சொல்கிறேன்.

முதலில் கட்சிக்காரர்கள் அடித்துத்தான் பார்த்தார்கள். வேலைநிறுத்தம் நடத்தியதற்காக என்னைச் சிறையில் போட்டு இடுப்பை உடைத்தார்கள். நான் வெளியே வந்தபோது கட்சி தன் போக்கை மாற்றியிருந்தது. மாவட்டச் செயலாளர் ரிதா என்னைக் கூப்பிட்டு, லாரி எடைமேடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார். நான் பட்ட பாட்டுக்கு ஏதோ ஈடு கிடைத்ததென்று ஊரே சந்தோஷப்பட்டது.

வியாழக்கிழமைதோறும் கட்சி அலுவலகத்தில் குறை கேட்கும் கூட்டம். எதையும் பேசலாம். பேசியவரை யாரும் தொட்டதில்லை.

"பேசுறவன் பேசட்டும், பெல்காசெம்," என்றார் ரிதா என்னிடம். "பேசினா வயித்தெரிச்சல் அடங்கிடும், வீட்டுக்குப் போய்த் தூங்கிடுவான். அடுத்து என்ன செய்யலாம்னு ஜனங்க யார் மூஞ்சியப் பாக்குறாங்களோ, அவனை மட்டும் எனக்குச் சொல்லு."

எனக்கு அது தப்பாகப் படவில்லை. நான் சொன்ன வாத்தியார் பாலைவனத்துப் பள்ளிக்கு மாற்றப்பட்டார். நான் சொன்ன டிரைவர் மேற்பார்வையாளர் ஆனார். யாருக்கும் ரத்தம் வரவில்லை.

அந்த வியாழக்கிழமை ஜாஸியா எழுந்தாள். சுரங்கத்துக் கன்வேயரில் சிக்கிக் கை போனவனின் மனைவி. "ரிதா ஐயா, இந்தத் தண்ணியக் குடிச்சு எங்க கழுதைக்கே பல்லு பழுப்பாயிடுச்சு. உங்க படத்தப் பாத்தாக்கூடச் சிரிக்க மாட்டேங்குது."

எல்லாரும் சிரித்தார்கள். ரிதாவும் சிரித்தார், சிரிக்கக் கற்றிருந்தார். கோடை முடிந்ததும் நல்ல தண்ணீர்த் தொட்டி வருமென்றார். யாரும் கை தட்டவில்லை. கூட்டம் மொத்தமும் மெல்லத் திரும்பிப் பின்பக்கப் பெஞ்சைப் பார்த்தது. அந்தப் பெஞ்சில் ஒருவர் தலையை அசைத்திருந்தால், மறுநாள் சுரங்கம் ஓடியிருக்காது. ரிதாவுக்கும் அது புரிந்தது.

கூட்டம் கலைந்ததும் கேட்டார்: "யாரைப் பாத்தாங்க?"

"லஸ்ஹரை," என்றேன்.

"உன் தம்பியையா?"

"ஆமா."

என் தோளைத் தட்டினார். சொந்த ரத்தத்தைச் சொன்னவன் பொய் சொல்வானா?

முன்பென்றால் அரசியல் வழக்குப் போட்டிருப்பார்கள், அவன் தலைவனாகியிருப்பான். அதையும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். செம்புக் கம்பி திருடியதாக வழக்கு. ரொட்டிக் கடை வாசலில் என் கண்ணெதிரே பிடித்தார்கள். வாங்கிய ரொட்டியை என் கையில் திணித்தான் லஸ்ஹர்.

"அம்மாகிட்ட நீயே சொல்லிடு, அண்ணே. நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்."

அந்தக் குளிர்காலத்தில் சிறையிலிருந்து சவப்பெட்டியில் வந்தான். திறக்கக் கூடாதென்று உத்தரவு. திருடன் வீட்டுச் சாவு என்பதால் அம்மா சமைத்துவைத்த கூஸ்கூஸ் ரவைச் சோற்றைச் சாப்பிட ஜாஸியா ஒருத்திதான் வந்தாள். மிச்சத்தை அம்மா கோழிக்குப் போட்டாள்.

தொட்டி வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அம்மா மட்டும் சாகும்வரை அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. பழைய கிணற்றுக்கே குடத்தோடு நடந்தாள். ஒருமுறை கேட்டாள்: "அவன் கம்பியத் தொட்டிருக்க மாட்டான்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்மா," என்றேன். அது பொய்யில்லை.

எடைமேடைக்காரன் கண்ணால் பார்த்ததைச் சொன்னான் என்றே இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். ஆனால் அந்தப் பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம், ஐயா. சிறைக்குப் போய் வந்தவன் ஒருவன், அவன் பக்கத்தில் அவன் தம்பி. ஊர் திரும்பிப் பார்த்தபோது லஸ்ஹரும் திரும்பினான்.

அவனும் என்னைத்தான் பார்த்தான்.