கொடி கட்ட ஒரு கம்பம்

காலை எட்டு இருபது. புறக்கோட்டையில் பஸ் ஏறிய பெரியவரின் மடியில் ஒரு கட்டு வெள்ளைக் கொடிகள். பக்கத்தில் அவருடைய ஒழுங்கையைச் சேர்ந்த இளைஞன், பிரேசில் ஜேர்சியோடு.

“அண்ணே, இது எந்த டீம்?”

“செத்த வீட்டுக் கொடி. எங்கட கோல்கீப்பர் ராத்திரி மோசம் போயிட்டார்.”

“முன்வீட்டுக் கிழவரா? அவர் ஃபுட்போல் ஆடினவரா?”

“இலங்கைக்கு ஆடினவர். அவர் பெனல்டி பிடிச்சதை மழைக்குள்ள நிண்டு பார்த்தனான். இப்ப கொடி கட்ட ஒரு போஸ்டும் மிச்சமில்லை, எல்லாத்திலயும் உங்கட பிரேசில் கொடி. நாலைக் கழட்டித் தாங்கோ.”

“நாளைக்கு வேர்ல்ட் கப் மெட்ச், அண்ணே. முடிஞ்சதும் கழட்டுறம்.”

“இண்டைக்கு நாலு மணிக்குப் பிரேதம் எடுக்கிறம், தம்பி.”

இளைஞன் ஃபோனைப் பார்த்தான்.

கொட்டாஞ்சேனையில் இருவரும் இறங்கினார்கள். ஒழுங்கை வாசலில் பையன்கள் சிலர் ஏணி வைத்து இன்னொரு பிரேசில் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.